பூசணிக்காய் கட்டிய கம்பம்

ஜூன் 11, 2025

இல்லை, கம்பத்தில் கை வைத்ததும் அவன் நினைவு வரவில்லை. அதற்கு முன்பே வந்துவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் ஜீப் திரும்பும்போதே.

காலையிலிருந்து காற்று. துப்பட்டாவைத் தூக்கும், ஆளைத் தள்ளாது, அந்த அளவு. இந்த அளவுதான் ஆபத்து என்று மாதவராஜ் சொல்வான். உயரமான ஹைமாஸ் விளக்குக் கம்பம் புயலில் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே சீராக வருகிற இளங்காற்றில்தான் பக்கவாட்டில் மெல்ல ஆடும். ஆடுவது கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. லட்சம் முறை, கோடி முறை. பிறகு எங்கோ ஓரிடத்தில் இரும்பு விட்டுப்போகும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதுபோல. பாடத்தில் அதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

(இதை உவமையாக்கக் கூடாது. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.)

இந்தக் கம்பம் முப்பது மீட்டர். மலை இறங்கும் வளைவில், ஜானகியம்மாள் ஓட்டலுக்கு நேர் முன்னால் நிற்கிறது. அடிப்பாகத்தில், விளக்கு வளையத்தை இறக்கும் மோட்டார் இருக்கிற கதவுக்குச் சற்று மேலே, யாரோ ஒரு கொக்கியை வெல்டிங் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. மீசை வரைந்தது. முதலில் பூசணிக்காயைப் பார்த்தேன். பிறகு கொக்கியை. பிறகு கொக்கியின் அடியில் துருநிறக் கோடு ஒன்றை. மயிரிழை.

படம் எடுத்தேன். அவனுக்கு அனுப்பலாம் என்று நினைத்து, அனுப்பவில்லை.

ஜூன் 12

கோடு இருக்கிறதா, இருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறேனா?

ஜூன் 14

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். ஒழுங்காக எழுதினால் சின்னதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சேலத்தில் மாதவராஜும் நானும் ஒன்றாக எம்.இ. படித்தோம். நெடுஞ்சாலை விளக்குகளைப் பராமரிக்கும் இதே கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் கண்ணால் பார்த்து விரிசலைத் தேடுவேன். அவன் அல்ட்ராசோனிக் கருவியை வைத்து அதன் ஆழத்தை அளப்பான். ஜனவரியில் குஜராத்துக்குப் போனான், காற்றாலைக் கோபுரங்களைச் சோதிக்கிற வேலைக்கு. தர்மபுரி பஸ் நிலையத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "நீயும் வாயேன்" என்றான். குடை எடுத்து வாயேன் என்பதுபோல.

"பாக்கலாம்" என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது. சண்டை இல்லை. பிரிவு என்றுகூடச் சொல்ல முடியாது. பிரிவதற்கு முன்னால் ஏதாவது ஒன்று ஆகியிருக்க வேண்டும் அல்லவா?

சின்னதாகவில்லை.

ஜூன் 16

"ஏங்க மேடம், கம்பத்துக்கு நாடி புடிச்சுப் பாக்குறீங்களா?"

ஜானகியம்மாள். கையில் தோசைக்கரண்டி. ஐம்பது வயது இருக்கும். லாரி டிரைவர்களை இருக்கையை விட்டு இறங்குவதற்குள் சாப்பிட உட்காரவைக்கும் திறமை அவளுக்கு உண்டு. கர்நாடகா வண்டி என்றால் கன்னடத்தில் அதட்டுவாள்.

கொக்கி யார் வைத்தது என்று கேட்டேன்.

"நான்தாங்க வெக்கச் சொன்னேன். ஏன், கவர்மெண்டு கம்பத்துல வெக்கக்கூடாதா?"

"எப்ப?"

"ரெண்டு வருசம் இருக்கும். இந்த வளைவுலயே மாசத்துக்கு ஒண்ணு கவுந்துட்டு இருந்துச்சு. ஒரு தடவ தக்காளி வண்டி. டிரைவரு பையன் எங்கடையில டீ குடிச்சுட்டு இந்தா கெளம்புனான், அந்தா போயிட்டான். எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. லாரிக்குப் பாடி கட்டுற அர்ச்சுனன் இல்ல, அவரைப் புடிச்சு ஒரு கொக்கி வெக்கச் சொன்னேன். அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் மாத்துறோம். அதுக்கப்புறம் இந்த வளைவுல ஒரு உசுரு போவலீங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நம்புகிறேனா என்று பார்ப்பதுபோல இல்லை. அவள் சொன்னது நடந்தது. நான் என்ன நினைத்தால் அவளுக்கு என்ன.

டீக்குக் காசு வாங்க மறுத்தாள்.

ஜூன் 17

குப்புராஜ் சார், எங்கள் சைட் மேனேஜர். படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார்.

"வருசக்கணக்கா நிக்குது மேடம். உங்க கண்ணுக்கு மட்டும் கோடு தெரியுது."

வெல்டிங் சூட்டில் அந்த இடத்து இரும்பு மாறியிருக்கும், கதவு ஓரம் ஏற்கெனவே பலவீனம், ஆட்டத்தின் சுமை முழுக்க அங்கேதான் வந்து இறங்கும் என்றேன். தலையாட்டினார். அளவு இல்லாமல் கம்பத்தை இறக்கச் சொன்னால் மேலே கேட்பார்கள் என்றார். வெளியிலிருந்து சோதனைக்காரர்கள் வர மாதக்கணக்கு ஆகும்.

"மாதவராஜ் சார் இருந்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாரு. கூப்புடுங்களேன். நான் கூப்புட்டா வரமாட்டாரு. நீங்க கூப்புட்டா வருவாரு."

பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்கிய இருமல்.

ஜூன் 18

சாயச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசலுக்குள் போன சாயம் வெள்ளையில் ஊறிக்கொண்டு மேலே வரும்.

வந்தது. லேசாக.

ஆனால் கம்பத்தின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. பூச்சில் மட்டும் வெடிப்பு இருந்தாலும் சாயம் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டு இரும்பின் மேலேயே செய்தால்தான் நிச்சயம். "சுரண்டாதீங்க மேடம், துருப்புடிச்சா நம்மளக் கேப்பாங்க" என்றார் குப்புராஜ் சார்.

சரி என்றேன். உடனே.

ஜூன் 21

கூப்பிட்டேன்.

"என்ன கலை, காத்து ஆரம்பிச்சுருச்சா?"

கலைமதியைக் கலை என்று கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கடைசி எழுத்தில் அப்படி நிற்கிறவன் அவன் ஒருவன்தான்.

கொக்கி, கோடு, சாயம், எல்லாம் சொன்னேன். வரிசையாக, ரிப்போர்ட் படிப்பதுபோல. அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். கடைசியில், "நீ என்ன நெனைக்கிற? விரிசல்னு நெனைக்கிறியா?" என்றான்.

"நீ வந்து பாத்தாத்தான்."

"ஜூலை முதல் வாரம் வரேன். கருவியை எடுத்துட்டு வரேன்."

போனை வைத்த பிறகு மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எல்லாம் எடுத்தேன். பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

ஜூன் 23

சுடிதார் வாங்கினேன். கருநீலம். ஒரு கம்பத்தைச் சோதிக்கும்போது உடுத்த.

ஜூன் 25

அமாவாசை. தொப்பூருக்குப் போனபோது பழைய பூசணிக்காயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் ஸ்டூலில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், என்னைக் கண்டதும் கொக்கியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

கொக்கி பற்றி ஜானகியம்மாளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"பூசணிக்காய் கனமாங்க? சின்னதாப் பாத்துக் கட்டிக்கிறேன்."

"கனம் இல்லீங்க. வெல்டிங். அந்த இடத்துல சூடு பட்டுருச்சு இல்ல."

"ஒரு ரூவா அகலத்துக்குச் சூடு. அதுக்கா இவ்ளோ பெரிய கம்பம் உழுந்துரும்? மாட்டுக்குச் சூடு வெக்கிறோம். தழும்பு நிக்கும். மாடு செத்தா போவுது?"

"மாடுன்னா ஆறிரும்ங்க. இரும்பு ஆறாது."

புதுக் காயைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒருவேளை முதல் தடவையாக உச்சி வரைக்கும் பார்த்திருப்பாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "வுழுந்தா எந்தப் பக்கம் வுழும்?" என்றாள்.

எந்தப் பக்கமும் விழலாம் என்றேன். அவளுடைய ஓட்டல், பெஞ்சுகள், நிறுத்தியிருந்த நாலைந்து லாரிகள், ரோடு. எந்தப் பக்கமும்.

"அப்ப எடுத்துருவீங்களா?"

"பரிசோதிக்க ஆள் வரணும்."

"லைட்டு போயிட்டா இங்க எவன் வண்டிய நிறுத்துவான்? வெளிச்சம் பாத்துத்தான எறங்குறான். எடுக்கிறதுன்னா ஒரு தடவைக்கு நாலு தடவ பாத்துட்டு எடுங்க கண்ணு."

காயைக் கொக்கியில் மாட்டவில்லை. ஓட்டல் கீற்றுப் பந்தலின் மூங்கிலில் கட்டச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 5

வரவில்லை. அங்கே ஒரு கோபுரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அடுத்த வாரம்.

ஜூலை 7

அம்மா கம்பைநல்லூரிலிருந்து போன். ஓசூரில் ஒரு பையன், பெரிய கம்பெனி, போட்டோ அனுப்பியிருக்கிறாள். "பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். நல்ல முகம். நல்ல முகத்தைப் பார்த்து என்ன செய்வது.

ஜூலை 9

காற்று நாள் முழுக்க ஒரே வேகம். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று கைப்பேசியைப் பாறையில் சாய்த்து வைத்துக் கம்பத்தின் உச்சியைப் படம் பிடித்தேன். வேகமாக ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது. விளக்கு வளையம் இடமும் வலமும் போய் வருகிறது. காற்று வருகிற திசையில் இல்லை, அதற்குக் குறுக்கே. அவசரமே இல்லாமல்.

ரொம்ப அழகாக இருந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். "ம். ஆடுது" என்று பதில் வந்தது. "பத்திரமா நில்லு" என்று அடுத்தது. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஜூலை 12

"கலை, இருபத்திரண்டு வாக்குலதான் முடியும்போல. நான் பாக்கிற வரைக்கும் எதுவும் பண்ணாத. தப்பாப் போச்சுன்னா உன் பேரு கெட்டுப்போகும்."

சரி என்றேன்.

பிறகு கடைக்குப் போனேன். பால் வாங்கினேன். வழியில் நின்றுவிட்டேன், பாலைக் கையில் வைத்துக்கொண்டு.

என்னிடம் அரம் இருக்கிறது. சாயம் இருக்கிறது. பொடி இருக்கிறது. எல்லாம் ஜீப்பில், பின்சீட்டுக்கு அடியில், ஜூன் மாதத்திலிருந்தே. பூச்சைச் சுரண்டிவிட்டு நானே பார்த்திருக்கலாம். ஒரு காலை வேலை. குப்புராஜ் சார் வேண்டாம் என்றார் என்பது ஒரு காரணமா? அவர் வேண்டாம் என்று சொன்ன வேறு எதையாவது நான் செய்யாமல் இருந்திருக்கிறேனா?

நான் பார்த்துவிட்டால் அவன் வர வேண்டியதில்லை. அதனால் பார்க்கவில்லை.

அந்தக் கம்பத்தின் அடியில் ஆட்கள் உட்கார்ந்து தோசை தின்கிறார்கள். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ச்சீ. என்ன பொண்ணு நான்.

ஜூலை 14

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கொக்கியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பூச்சை அரத்தால் தேய்த்தேன். வெள்ளி நிறம் போய் இரும்பு தெரிந்தது. துடைத்தேன். சாயம். காத்திருந்தேன். துடைத்தேன். பொடி.

ஜானகியம்மாள் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து நின்றாள். இரண்டு டிரைவர்கள் டம்ளரோடு வந்தார்கள்.

"என்னாது, கம்பத்துக்குப் பவுடர் போடுறாங்க?" என்றார் ஒருவர்.

"பொண்ணு பாக்க வராங்க" என்றார் இன்னொருவர்.

வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. கோடு கொக்கியின் வெல்டிங் ஒட்டில் தொடங்கி, ஒட்டைத் தாண்டி, கம்பத்தின் இரும்புக்குள் போனது. வலப்பக்கம் கதவின் மூலை வரைக்கும். இடப்பக்கம் நான் சுரண்டிய இடத்தையும் தாண்டிப் போயிருக்கும். பூச்சு தொடங்குகிற இடத்தில் கோடு மறைந்தது.

டிரைவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் லாரியை எடுத்துத் தள்ளி நிறுத்தினார்.

விரிசல்தான். நான் வேண்டுமென்று பார்த்த கோடு இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அசிங்கமாகவும் இருந்தது.

ஜூலை 15

"அர்ச்சுனனையே கூப்பிட்டு மேல ஒரு வெல்டிங் போட்டு மூடிரலாமா?" என்றார் குப்புராஜ் சார்.

"சார்."

"சரி சரி. சும்மா கேட்டேன்."

படத்தைப் பார்த்த பிறகு அவர் வேறு ஆள். சனிக்கிழமைக்குக் கிரேன் சொல்லிவிட்டார். காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையில் இறக்க வேண்டும். மற்றக் கம்பங்களுக்குள் தொங்கவிட, ரப்பர் குழாயில் போட்ட சங்கிலி வேண்டும் என்று கேட்டேன். கம்பம் ஆடும்போது சங்கிலி உள்ளே மோதி ஆட்டத்தைத் தின்றுவிடும். போன வருடமும் கேட்டேன். இந்த முறை எழுதிக்கொண்டார்.

கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். கயிற்றுக்குள் ஓட்டல் முழுதாக இருந்தது.

"வெள்ளிக்கெழம வரைக்கும் உடுங்க. ஆடி மொத வெள்ளி. அன்னைக்கு அடுப்பு அணஞ்சா வருசம் பூரா அணைஞ்ச மாதிரி" என்றாள் ஜானகியம்மாள்.

"உள்ள உட முடியாதுங்க."

"நீதான கண்ணு சொன்ன, ஆள் வந்து பாக்கணும்னு. ஆளு வந்துட்டாரா?"

"நான்தான் ஆளு."

என் முகத்தைப் பார்த்தாள். "அதைப் போன மாசமே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பெஞ்சுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், அடுப்பை மாற்றினாள். நானும் தூக்கினேன். தடுக்கவில்லை.

ஜூலை 16

அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். சுரண்டியது, கோடு, கிரேன்.

"நல்ல வேலை பண்ணுன" என்றான். பிறகு, "அப்ப நான் வர வேண்டியதில்ல?"

வா என்று சொல்லியிருக்கலாம். சங்கிலி அளவு பார்க்க வேண்டும், மற்றக் கம்பங்களையும் சோதிக்க வேண்டும், ஆயிரம் சொல்லலாம். எல்லாம் உண்மையாகவும் இருக்கும்.

"கம்பத்துக்கு வேண்டாம்" என்றேன்.

மறுபக்கம் மூச்சுச் சத்தம். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். யாரோ அவனை இந்தியில் கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

ஜூலை 17

பேசவில்லை.

ஜூலை 19

இறக்கிவிட்டோம்.

இருள் விலகாத நேரம். போலீசார் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். கிரேன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டதும் அடியிலிருந்த நட்டுகளைக் கழற்றினார்கள். மெதுவாகச் சாய்ந்தது. படுக்கையில் அது ரொம்ப நீளம். ரோட்டோரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். உள்பக்கம் விரிசல் பழைய துருவோடு ஓடியிருந்தது, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு. விரல் நகம் இடுக்கில் இறங்கியது. குப்புராஜ் சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கர்ச்சீப்பை எடுத்தார். "இந்த ஆடியத் தாண்டியிருக்காது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அர்ச்சுனன் தள்ளியே நின்றார். ஜானகியம்மாள் கிட்டே வந்து உட்கார்ந்து, அந்த இடத்தைத் தொட்டாள்.

"நாலு பேரு நல்லாருக்கணும்னுதான் மாட்டுனேன்."

"பூசணிக்காயப் பாத்துத்தாங்க நான் இங்க நின்னேன். இல்லேன்னா தாண்டிப் போயிருப்பேன்."

அது உண்மை. கொக்கி இல்லாவிட்டால் விரிசலும் இல்லை என்பதும் உண்மை. அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

கிரேன் ஆட்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். எனக்கும் வைத்தாள். காசு வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 26

ஜெனரேட்டரில் ஓடுகிற தற்காலிக விளக்கு வந்துவிட்டது. பழைய வெளிச்சத்தில் கால்வாசி. வண்டிகள் குறைவு. புதுக் கம்பம் வர இரண்டு மாதம் என்கிறார்கள். அடித்தகடு தடிமனானது, கதவு ஓரம் வலுவானது, நான் கேட்டபடி. ஜானகியம்மாள் மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடுகிறாள்.

"உசுரோட இருந்து நஷ்டப்படுறேன், போ" என்றாள் இன்று. சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. அம்மா ஒகேனக்கல் போகலாம் என்றாள். வேலை என்று பொய் சொன்னேன். அறையில் இருந்தேன். காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டே இருந்தது. மடித்த காகிதத்தை இடுக்கில் செருகினேன்.

என்ன எதிர்பார்த்தேன்? கம்பம் இறங்கினால் இதுவும் இறங்கும் என்றா? மாறாக, காரணம் போன பிறகு மிச்சம் இருப்பது அது மட்டும்தான். பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய அளவுக்குத் தெளிவாக.

ஆகஸ்ட் 7

மாலை அவனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு கலை. எந்தக் கம்பம்?"

"கம்பம் இல்ல. நான்தான்."

அவன் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். எங்கேயோ தனியாக வந்து நின்றிருக்கிறான். "சொல்லு" என்றான், வேறு குரலில்.

சொன்னேன். வரிசையாக இல்லை. பஸ் நிலையத்தில் பாக்கலாம் என்று சொன்னபோது என்ன சொல்ல நினைத்தேன் என்பதை. ஒரு மாதம் அரத்தை ஜீப்பிலேயே வைத்திருந்ததை. அவன் அவசரப்படுத்தவில்லை.

"எனக்கு ரெண்டு நாள் குடு. ஞாயித்துக்கெழம நானே கூப்பிடறேன்" என்றான். சரி என்றேன். இந்தச் சரிக்கு அடியில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

போனை சார்ஜில் போட்டேன். அரிசி களைந்து உலையில் வைத்தேன்.